புகைக்கு வெளியே

வழிகாட்டிப் பெண் பச்சை இலைகளைத் தணலில் போட்டார். வெள்ளைப் புகை எழுந்து மழைக்காட்டுப் பாதையை மறைத்தது.

இது இந்த மண்ணின் பழங்குடிகளான தன் குகு யலஞ்சி முன்னோர்களின் இடம் என்றார். அவர்களிடம் அனுமதி கேட்க, எல்லோரும் புகையைச் சுற்றி வந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

கீர்த்தனன் வரிசையை எண்ணினான். முன்னால் ஆறு பேர். பிறகு அவன், மகள் வினுஷா, மனைவி தாட்சாயினி.

அன்று காலை ஆறு மணிக்கு ஹோட்டல் பல்கனியில் நின்று மைத்துனரின் அழைப்பை எடுத்தான். யாழ்ப்பாணத்தில் தாட்சாயினியின் அம்மா நள்ளிரவில் இறந்துவிட்டார்.

“தங்கச்சி வருவாளோ? வாறதெண்டால் பிரேதத்தை வைச்சிருக்கிறம். இல்லாட்டி இண்டைக்குப் பின்னேரமே எடுத்திடுவம்.”

“பின்னேரமே எடுங்கோ” என்றான்.

அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புறப்பட்டிருப்பாள். அம்மாவுக்கு ஏதும் என்றால் விசாவாவது மண்ணாங்கட்டியாவது என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். நிரந்தர விசா முடிவாகும்வரை தந்திருக்கும் அவர்களுடைய பிரிட்ஜிங் விசாவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. வினுஷாவுக்கு ஏழு வயது.

சாத்தாமல் விட்டிருந்த பல்கனிக் கதவு வழியே அவன் உள்ளே வந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தாட்சாயினி தலை முழுகிவிட்டு வந்தாள். நேற்றுப் பவளப்பாறை பார்க்கப் போனபோது பட்ட உப்பு இன்னும் போகவில்லை என்றாள்.

அவளுடைய போனை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். டண்டினொங்கில் வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தப் புகையை அவன் எதிர்பார்க்கவில்லை.

போன வருடம் செவன் ஹில்ஸ் ஊரில் அவனுடைய பெரியப்பா இறந்தபோது, முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு என்று த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் வந்தும் தெருவிலேயே நின்றவள் அவள். சாவீட்டுத் துடக்கோடு சாமியின் வாசலை மிதிப்பதா என்று கேட்டவள். இன்று பெற்ற தாயின் துடக்கோடு, தெரியாமல், இன்னொருவரின் முன்னோர்கள் முன்னால் போய் நிற்கப் போகிறாள். நிற்க வைப்பது அவன்.

முன்னால் மூன்று பேர்.

இரண்டு பேர்.

வயிறு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாமா? காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதும்.

“அப்பா, கம் ஆன்! எங்கட டேர்ன்!”

வழிகாட்டி கையை நீட்டி அழைத்தார். தாட்சாயினி மகளின் கையை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஈரம் காயாத கூந்தலோடு இரண்டடி பின்னால் போய், புகை எட்டாத இடத்தில் நின்றாள்.

“நீங்கள் பிள்ளையோட போட்டு வாங்கோ. நான் வரக்கூடாது.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“பின்னேரம் எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?”