இரண்டு இழுப்பு

முத்துச்சிப்பியிலிருந்து எடுத்த ஒற்றைப் புரத மூலக்கூறை லேசர் ஒளியில் பிடித்து, அது எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று அளப்பதுதான் தூத்துக்குடி ஆய்வகத்தில் ஜெபிஷாவின் வேலை. அந்தச் சிப்பியைக் கடலில் மூழ்கி எடுத்துவந்தவர் அவள் கணவர் நேசக்குமார். மறுபடி மூழ்கியவர் மேலே வரவில்லை. தூக்கிவிடச் சொல்வதற்கு இடுப்பில் கட்டிய கயிற்றை இரண்டு முறை இழுப்பார். அன்று படகில் கயிற்றைப் பிடித்திருந்தவள் ஜெபிஷா. கயிறு அசையவே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள்.

இன்று காலை திரையில் விசையைக் காட்டும் கோடு இரண்டு முறை துள்ளியது. சற்று நின்று, மறுபடி இரண்டு.

லேசரை அணைத்தாள். மூலக்கூறு நழுவிப் போயிருக்க வேண்டும். அப்போதும் கோடு இரண்டு முறை துள்ளியது.

“இருங்க அத்தான், இந்தா இழுக்கேன்” என்றாள். ஆளில்லாத அறையில் வெறும் காற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள்.

கனமாக இருந்தது.