சோறு வேண்டாம், அக்கா

"சோறு வேண்டாம், கோழியும் வேண்டாம்னு காலையில ஃபோன்லயே சொன்னேனே அக்கா, மறந்திரலையே?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார் ஜெபதாஸ்.

"மறப்பேனாலே? கோழி வீட்டுல நிக்குது, அரிசியும் இருக்குன்னு நானுந்தான் சொன்னேன். நீ கேட்டியா? தலை நரைச்சாலும் பிடிவாதம் போகலை ஒனக்கு" என்று சிரித்தாள் சத்தியபாய். "கையக் கழுவிட்டு வா. கெழங்கு ஆறிப்போகும்."

அந்த 'லே'யைக் கேட்டதும்தான் ஜெபதாஸுக்கு மூச்சு வந்தது.

கூடப்பிறந்த அக்கா இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. நெய்யூருக்கு மேற்கே இந்த விளை நிலத்தில் இரண்டு ஓலை வீடுகள் ஒட்டி நின்ற காலத்தில், அம்மா களை பறிக்கப் போனால் அவரை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். ஜெபதாஸ் மஸ்கட்டுக்குப் போனார், சம்பாதித்தார், இப்போது மகனோடு பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஊருக்கு வருவதே கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

காரில் வரும் வழியெல்லாம் ஒரே பயம். அக்கா தன்னை 'வாங்க, இருங்க' என்று அந்நியனாக்கிவிட்டால்? நான் பழைய ஜெபதாஸ்தான் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். கடன் வாங்கி அவள் விருந்து வைத்துவிடவும் கூடாது. அதற்காகத்தான் சின்ன வயதுச் சாப்பாட்டையே கேட்டிருந்தார்.

தட்டில் ஆவி பறக்க, அவித்து மசித்த மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு. தேங்காய் அரைத்து வைத்த சாளை மீன் கறி. ஓரத்தில் காந்தாரி மிளகாயை அரைத்த சம்மந்தித் துவையல். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் சாப்பாடு! காலையில இது, மத்தியானம் இது, ராத்திரியும் இதுதான். ஞாபகம் இருக்காக்கா?"

"இல்லாம பின்ன? பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தானே வாழையிலையில பொதிஞ்சு கொண்டு போனோம். வயல்காரர் சுந்தரராஜ் வீட்டுப் பிள்ளைங்க சோத்துப் பாத்திரத்தைத் திறந்தா, நாம எந்திரிச்சு மாமரத்து மூட்டுக்குப் போயிருவோம். நம்ம பொதியை யாரும் பாத்துரக் கூடாதுன்னு."

"நம்ம வீட்டுல அரிசி வாங்கணும்னா யாருக்காவது காய்ச்சல் வரணும்."

"அதுக்குத்தானே நீ காய்ச்சல்னு கள்ளம் சொல்லிப் படுத்த! ஒங்க அம்மை பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. நானும் கூட ஓடினேன். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, 'பயலுக்குக் காய்ச்சல் இல்லை, பசிதான்'னு சொன்னாரு."

இருவரும் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள்.

"அன்னைக்கு எனக்குக் கஞ்சி கெடச்சுதாக்கா?"

"கஞ்சி எங்க? அடிதான் கெடச்சுது. ஒன்னை அடிச்சுட்டு, ஒங்க அம்மை அடுப்புக்கிட்ட இருந்து அழுதா."

ஜெபதாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் விளையாடிய விளை முழுக்க ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன.

"இங்க முழுக்க மரச்சீனிதானே நின்னுது?"

"அதெல்லாம் எப்பவோ பிடுங்கியாச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்போ யாரு கெழங்கு போடுதா? நீ தின்னு."

இன்னும் இரண்டு அகப்பை வைத்தாள். மீன் சட்டியைச் சரித்து, நல்ல துண்டுகளாகப் பார்த்துப் போட்டாள்.

"நீயும் எடுத்துட்டு இரி அக்கா."

"ஜினி வரட்டும், சேர்ந்து தின்னுவோம்." ஜினி அவள் மருமகள். முந்திரி ஆலையில் வேலை. "நீ வாறது அவளுக்குத் தெரியாது. அவ வேலைக்குப் போன பொறவுதானே நீ ஃபோன் போட்ட."

ஜெபதாஸ் மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பெங்களூரில் மருமகள் செய்யும் எந்தப் பதார்த்தமும் இப்படி அடிவயிறு வரை இறங்கியதில்லை. நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவும் அதோடு சேர்ந்து இறங்கியது.

"பாத்தியாக்கா, கோழியும் சோறுமா வச்சிருந்தா ஒனக்கு எவ்வளவு செலவு? இப்போ ஒனக்கும் கஷ்டமில்லை, எனக்கும் மனசு நெறஞ்சுது. என்ன இருந்தாலும் சோறு பணக்காரங்க சாப்பாடு. நாம கெழங்கு தின்னு வளர்ந்தவங்க. எங்க போனாலும் நான் அதை மறக்கலை."

சத்தியபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடி. காந்தாரி எரிக்கும்" என்று செம்பை நீட்டினாள்.

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியாக வந்த ஜினி, அடுக்களையில் நின்றபடியே உரக்கக் கூப்பிட்டாள்.

"மாமீ! என்ன விசேஷம் இண்ணைக்கு? மணம் தோட்டம் வரைக்கும் வருது! மரச்சீனியும் சாளையும் இப்போ விக்குத வெலைக்கு அது பணக்காரங்க திங்குத சாப்பாடு, நமக்குச் சும்மா கிடைக்குத ரேஷன் அரிசிச் சோறு போதும்னு எப்பவும் சொல்லுவியளே... யாரு வந்திருக்கா, ஏதாவது மொதலாளிமாரா?"