வரிசையில் ஐந்தாவது ஆள்

தெருநாய்க் காப்பகத்துக்கு நிதி திரட்ட, நூலக வாசலில் மேஜை போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள் அந்தக் கணக்கு டீச்சர். உண்டியலில் பணம் போட்டால் பத்தே நிமிடத்தில் உங்கள் முகம் காகிதத்தில்.

எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரை அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் ஐந்தாவதாக நின்ற கடிகாரக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"ஒரு படத்துக்கு இத்தனை தடவையா பார்க்கணும்?" என்று முணுமுணுத்தார்.

"பார்க்காம எப்படி சார் வரைவாங்க?" என்று முன்னால் நின்றவர் சிரித்தார். "நீங்களும் அதுக்குத்தானே நிக்கறீங்க?"

அதற்காகத்தான் அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தார்.

அவர் முறை வந்தது. தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். குனிந்தவள் குனிந்தபடியே வரைந்தாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

அவருக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கறவனையெல்லாம் அப்படிப் பார்த்தே! கட்டின புருஷனைப் பார்க்க மட்டும் கண்ணு வலிக்குதா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவள் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். காதோர நரை, புருவத்துத் தழும்பு, கோபத்தில் விடைத்த மூக்கு என எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

"அவங்க முகம் எனக்குத் தெரியாதுங்க, பார்த்துப் பார்த்து வரையறேன். உங்க முகத்தை எதுக்குப் பார்க்கணும்?"

கடிகாரக் கடைக்காரர் உண்டியலில் இன்னொரு நோட்டைப் போட்டார்.

"இன்னொண்ணு வரை. இதுல சிரிக்கிறேன்."