கெங்காவின் கம்பம்

“கள்ளை முதல்ல நான்தான் ஊத்துவேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியவ நான்,” என்றாள் டாமா.

“ஊத்து, யாரு வேணாம்னா? முதல்ல லாரி வந்து சேரட்டும்,” என்றான் தோயா. காலையிலிருந்தே அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கப்பல் வேலைக்குப் போன அவன் அண்ணன் கெங்கா, கப்பலோடு மூழ்கிவிட்டதாகச் சேதி வந்தது. பிறகு தம்பியின் கனவில் வந்து, குளிருகிறது என்று அழுதான். செத்தவர் அப்படி வந்து அழுதால் கலோலேனிப் பக்கம் எவன் சும்மா இருப்பான்? அவன் ஆவி குடியிருக்க ஆளுயரத்துக்கு மரக்கம்பம் செதுக்கி, துணி சுற்றி, தொழுவத்தருகே நட்டு, அடியில் கள் ஊற்றிக் கும்பிட்டார்கள். ஊர் வழக்கப்படி அண்ணன் மனைவி டாமா, தம்பிக்கு மனைவியானாள்.

அந்தக் கம்பத்தை எவனோ பாவி, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்கி வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டான். அதற்கப்புறம் டாமாவுக்குப் பிறந்த பிள்ளை ஒன்றுகூடத் தங்கவில்லை. கெங்காவின் கோபம்தான் என்றது ஊர். இப்போது மறுபடி வயிறு கனத்திருக்கிறது.

களவுபோன கம்பத்தோடு லாரி வந்தது. நைரோபி அதிகாரி பெட்டியைத் திறந்து கம்பத்தை நிறுத்தியதும், டாமா அதைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“என்னை என்ன வேணா செய்யி. இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுடுய்யா!”

தோயா கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இந்த மாதிரி எத்தனையோ கம்பம் களவு போச்சே சார். இது எங்களுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“அமெரிக்காவுல மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வச்சிருந்தாங்க. பக்கத்துலயே, நீங்க ரெண்டு பேரும் இதுகிட்ட நின்னு அழுற போட்டோ. வேடிக்கை பாக்க வந்த நம்மாளு ஒருத்தர் அதைப் பாத்துட்டு அங்கயே மயங்கி விழுந்துட்டாராம். அவர்தான் உங்க ஊரைச் சொன்னார்.”

“மகராசன்! எங்க குலத்தைக் காப்பாத்திட்டார். யாரு சார் அவரு?”

“லாரியிலதான் உக்காந்திருக்கார். எவ்வளவு சொல்லியும் இறங்க மாட்டேங்கறார்.”

டாமாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கள்ளுக் குடுவையை எடுத்து, கம்பத்தின் அடியில் ஊற்றக் குனிந்தாள். லாரிக் கதவு படாரென்று திறந்தது. “ஐயோ!” என்று தோயா அலறினான். டாமா நிமிர்ந்து பார்த்தாள்.

“மண்ணுல ஊத்தாதே டாமா, என் கையில குடு,” என்றான் கெங்கா.