புஷ்பலீலாவும் முதுகுத்தண்டு நீரும்

மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடையில் முதுகுத்தண்டு நீரைக் கொஞ்சம் எடுத்து, மறதி நோய் வருமா வராதா என்று சொல்லிவிடுகிறார்கள். ஜோடியாகப் போனால் ஒருவருக்கு இலவசம். சௌந்தரவல்லி தன் கணவர் தணிகாசலத்தை இழுத்துக்கொண்டு போனாள். காலையில் காபி கேட்கும்போது அவர் அவளைப் "புஷ்பலீலா" என்று கூப்பிட்டிருந்தார். இலவசத்தை விடுவானேன் என்று அவளும் ஊசி குத்திக்கொண்டாள்.

"சாருக்கு ஒண்ணுமே இல்லம்மா. நீர் பளிங்கு மாதிரி இருக்கு," என்றாள் கடைப்பெண்.

"நல்லாப் பாரு கண்ணு. ஒரு துளியாவது இருக்கும்."

"சுத்தமா இல்லம்மா."

சௌந்தரவல்லி கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப யாருங்க அந்தப் புஷ்பலீலா?"

தணிகாசலம் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குத்தான் அறிகுறி தெரியுது," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "ஏழெட்டு வருஷத்துல மறதி ஆரம்பிச்சிடும்."

சௌந்தரவல்லி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போது கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. ஏழெட்டு வருஷம் தினமும் அவ யாருன்னு கேப்பேன். அதுக்கப்புறம் நீங்க சொன்ன பதில் எனக்கு மறந்துபோகும். மறுபடி மொதல்லேருந்து கேப்பேன்."