இரும்பு வாடைத் தண்ணீர்

குதிரை தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டது.

வெர்னா ஆப்பிள் சாறு பாட்டிலின் மூடியைத் திருகிக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

தொட்டியைக் காலையிலேயே தேய்த்திருந்தாள். சோப்பு போடவில்லை. சோப்பு வாசனை இருந்தால் குதிரை கிட்டே வராது. வெறும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, மூன்று தரம் அலசி, கிணற்றுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது.

ஆனால் அதிலிருந்த இரும்பு வாடையை எந்தப் பிரஷ்ஷாலும் போக்க முடியாது. ஆப்பிள் சாறு கலந்து மறைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து அவள் வாங்கி வந்த பெண்குதிரை, இந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு மூன்று நாள் வாய் வைக்கவில்லை. நான்காம் நாள் குடல் இறுகிவிட்டது. வைத்தியர் வந்து சேர்வதற்குள் புல்லில் புரண்டு புரண்டு அடங்கிப்போனது. அன்று கூடவே நின்றவள் மார்லிஸ் அக்கா.

இன்று வந்திருப்பது அக்காவின் குதிரை, பிஸ்கட். அக்கா போய் மூன்று வாரம் ஆகிறது.

டெல்மர் அத்தான் குதிரையை ஏற்றி வந்த டிரெய்லரின் கதவை அடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்.

"என்ன இப்படிப் பாக்குது? எங்கம்மாகூட உங்கக்கா வச்ச சூப்பை இவ்வளவு சந்தேகமா பாத்ததில்ல."

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அக்கா எல்லாவற்றுக்கும் ஆள் சொன்னாள். போர்வை யாருக்கு, தையல் மெஷின் யாருக்கு என்று. குதிரையைப் பற்றி வெர்னாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானிடம் மட்டும், "வெர்னாகிட்ட விட்டுடுங்க" என்றிருக்கிறாள்.

அவ்வளவுதான். உன்னால் முடியுமா என்றுகூட இல்லை. செத்துப்போன அந்தப் பெண்குதிரையை அடியோடு மறந்துவிட்டாளா? அழுகைக்கு நடுவிலும் அந்தக் கோபம் மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருந்தது. செத்தவள்மேல் கோபப்படுகிறோமே என்ற வெட்கம் அதற்கு மேல்.

பிஸ்கட் மறுபடி குனிந்தது. அதன் மூக்கு தண்ணீரைத் தொட்டது.

வெர்னா பாட்டிலைச் சாய்க்கப் போனாள்.

அதற்குள் குதிரை குடிக்கத் தொடங்கியிருந்தது. தயக்கமே இல்லை. ஒவ்வொரு மிடறுக்கும் காது முன்னும் பின்னும் அசைய, நீள நீளமாக இழுத்துக் குடித்தது.

"பாத்தியா! பொறந்ததிலிருந்து இதையே குடிச்சு வளந்த மாதிரியில்ல இருக்கு!" என்றார் அத்தான்.

வெர்னாவின் கை அந்தரத்தில் நின்றது.

ஏப்ரலிலிருந்து ஞாயிறு தவறாமல் அக்கா ஆறு காலிப் பால் கேன்களோடு வருவாள். சாப்பிட்டதும் குழாயடியில் குந்தி எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்வாள். "உன் தண்ணியில போட்டாத்தான்டி காபி காபியா இருக்கு" என்பாள். வெர்னாவே தன் காபிக்குக் கடையில் தண்ணீர் வாங்குகிறவள். உனக்கு நாக்கு செத்துப்போச்சு என்று அக்காவைக் கேலி செய்திருக்கிறாள். தன்னைப் பார்க்க வருவதற்கு இப்படி ஒரு சாக்கு என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள்.

"அத்தான், அக்கா இங்கிருந்து காபிக்குத் தண்ணி கொண்டுபோவாளே…"

"காபியா? நெஞ்சு எரியுதுன்னு அவ காபியை விட்டு ரெண்டு வருஷமாச்சே. அந்தக் கேனெல்லாம் லாயத்துல கிடக்கு. உள்ள சிவப்பா வளையம் வளையமா படிஞ்சு, தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."

பிஸ்கட் தலையைத் தூக்கியது. ஈர மூக்கை அவள் தோளில் வைத்துத் துடைத்துக்கொண்டது. சட்டையில் இரும்பு வாடை ஏறியது.

கேன்கள் வரத் தொடங்கியது ஏப்ரலில். நோயைக் கண்டுபிடித்தது ஆகஸ்டில். அப்படித்தான் அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.