உங்க வீட்டுத் திருடன்

“ஒரே ஒரு பேரைச் சொல்லு ஐல்சா. உங்க வீட்டுத் திருடனை நான் பிடிச்சுத் தர்றேன்.”

மடிக்கணினியைத் திறந்து வைத்து, விரல்களைச் சொடுக்கிக்கொண்டார் மெர்வ். மேசையில் அவர் கொண்டுவந்த மோதிரப் பெட்டி இருந்தது. ஐல்சா டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாரே தவிர, பெட்டியைத் தொடவில்லை.

“வேண்டாம் மெர்வ். பழசைத் தோண்டாதேன்னு சொல்லிட்டுத்தான் எங்கம்மா கண்ணை மூடினாங்க.”

மெர்வ் சிரித்தார். இங்கிலாந்து கப்பல் கப்பலாகக் கைதிகளைக் கொண்டுவந்து கொட்டிய தீவு டாஸ்மேனியா. பழைய ஆட்களுக்கு அந்த வெட்கம் லேசில் போகாது.

“எங்க பெரியத்தைகூட குடும்ப பைபிள்ல வம்சம் எழுதியிருந்த முதல் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டவதான். இப்போ பாரு, கைதி வம்சம்னா ஊர்ல தனி மவுசு. மோதிரத்தோட சேர்த்து உனக்கு ஒரு முப்பாட்டனும் தரலாம்னு பார்க்கிறேன்.”

ஐல்சா தன் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினார். அவருக்குப் பின்னால், சுவரில் படம் தொங்கிய இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

“ஆமா, அந்தக் கோட்டுக்காரர் ஓவியம் எங்கே?”

“தூசியா இருந்துச்சு. இறக்கிட்டேன்.”

“சரி, விடு. இதைக் கேளு. கைதி கப்பலை விட்டு இறங்கினதும் உயரம் அளப்பாங்க. பச்சை குத்தினது, தழும்பு, விழுந்த பல்லு, ஒண்ணு விடாம எழுதிக்குவாங்க. ஓடிப்போனா அடையாளம் தெரியணும்ல? பெத்த தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டா!”

உற்சாகமாகத் திரையை ஐல்சா பக்கம் திருப்பினார். “இதோ, எங்க முப்பாட்டன் ஜோப் டிபெட். ரெண்டு வாத்து திருடினதுக்கு ஏழு வருஷம். அஞ்சடி மூணங்குலம். இடது கையில கடல்கன்னி பச்சை. ஆளு குள்ளமா இருந்தாலும் ரசனை பாரு!”

ஐல்சா லேசாகச் சிரித்தார். மெர்வின் விரல் திரையில் கீழே நகர்ந்தது. அவர் குரல் மாறியது.

“இதெல்லாம் இங்க வந்தப்புறம் பண்ண தப்பு. முறைச்சுப் பார்த்தான், இருபத்தஞ்சு கசையடி. வேலை நேரத்துல பாட்டுப் பாடினான், முப்பத்தாறு. தண்டனை கொடுத்தவன் பேரையும் பக்கத்துலயே எழுதிடுவாங்க. வரிக்கு வரி ஒரே பேர்தான். மாஜிஸ்திரேட் ஹாக்ஸ்டன்.”

“அது நடந்து எத்தனை காலமாச்சு மெர்வ்.”

“ஆகட்டும். ஜோப்போட முதுகு கடைசி வரைக்கும் ஆறல. கைக்குழந்தையை விட்டுட்டுச் செத்தான். அந்த ஹாக்ஸ்டன் வம்சத்துல எவனாவது எதிர்ல வந்தா, அவன் வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்.”

ஐல்சாவின் கையிலிருந்த பால் ஜாடி தட்டில் இடித்து ஓசை எழுப்பியது. மெர்வ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அது வெளிறியிருந்தது.

‘வாத்துத் திருட்டு இல்லை போல. ஏதோ பெரிசு’ என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன, கொலையா?” குரலைத் தாழ்த்திக் கேட்டார். “பண்ணியிருந்தா பண்ணிட்டுப் போறான். நான் கட்டிக்கப்போறது உன்னை. உன் முப்பாட்டனை இல்ல.”

“அவர் யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

“அவசரப்படாதே மெர்வ்.”

“அறுபத்தெட்டு வயசுல அவசரப்படாம எப்போ அவசரப்படறது? சொல்லு. உங்கம்மா பிறந்த வீட்டுப் பேர் என்ன?” விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன.

ஐல்சா மோதிரப் பெட்டியை எடுத்தார். திறக்காமலே அதை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“ஹாக்ஸ்டன்.”

முதல் இரண்டு எழுத்தைத் தட்டிய விரல்கள் மூன்றாவதில் நின்றுவிட்டன. மெர்வின் பார்வை மெல்ல எழுந்து, சுவரில் வெளுத்திருந்த சதுரத்துக்குப் போனது. எந்த வாத்துத் திருடனை அந்தக் காலத்தில் கோட்டு மாட்டி உட்காரவைத்து ஓவியம் வரைந்தார்கள்?

“அந்த மாஜிஸ்திரேட்தான்,” என்றார் ஐல்சா. “நீ கிளம்பினா நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

மெர்வ் எழுந்தார். திரையில் இருந்த ஜோப்பின் வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். தொப்பி கதவருகே தொங்கியது. ஐல்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அதுவரை தொடாத கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்து, காலியாக ஐல்சா முன்னால் வைத்தார் மெர்வ்.

“ஆறிப்போச்சு. சூடா இன்னொண்ணு போடு.”